லேவ் முதல் லீஸ்டி வரை: ஒரு பிபிசி மைக்ரோவைப் பழுது பார்த்த நான்கு மாதம்

போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் கப்பல் லீஸ்டி நிலையத்தின் வாசலில் உரசாமல் உள்ளே போனது. திரையில் வளையங்கள் விரிந்து மறைந்தன. நானும் நண்பனும் கொஞ்ச நேரம் விசைகளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இதற்கு நான்கு மாதமும் 7,910 ரூபாயும் ஆனது. அதில் 2,400 ரூபாய் வீண் செலவு. எங்கே தப்பு செய்தேன், எது சரிப்பட்டு வந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கப்பல் என்றால் எலீட் கேமில் வரும் கோப்ரா மார்க் 3. டேவிட் பிரேபன், இயான் பெல் என்று கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் எழுதி, ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் 1984 செப்டம்பரில் வெளியிட்ட விண்வெளி கேம் அது. பிபிசி மைக்ரோ என்ற கணினிக்காகவே முதலில் எழுதப்பட்டது. அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்று போனில் எடுக்கிற ஒரு படத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் எட்டு அண்டங்கள், அண்டத்துக்கு 256 கிரகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் அரசாங்கம், ஒரு சந்தை விலைப்பட்டியல்.

இந்திய மத்திய அரசு 1984ல் பள்ளிகளில் கணினிக் கல்விக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோதான் வந்தது. திருச்சியில் நான் படித்த பள்ளிக்கும் வந்தது. 1987ல், ஒன்பதாம் வகுப்பில், எங்கள் கணக்கு சாரின் மைத்துனர் லண்டனிலிருந்து எலீட் கேசட் ஒன்று கொண்டு வந்தார். சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் சார் அறையைத் திறந்து விடுவார். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேர். நான் இடது பக்கம். மூக்கை இறக்க எஸ், ஏற்ற எக்ஸ், சுட ஏ, வேகத்துக்கு ஸ்பேஸ் எல்லாம் என் பொறுப்பு. நண்பன் வலது பக்கம். கப்பலை இடமும் வலமும் உருட்டுகிற இரண்டு விசைகளும், வேகம் குறைக்கிற கேள்விக்குறியும் அவன் பொறுப்பு. ஒரு கப்பலை நான்கு கைகள் ஓட்டின. இரண்டு வருடம் அப்படித்தான் ஆடினோம். இருவரில் யாருக்கும் தனியாக ஆடத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் லேப்டாப்பில், பழைய கணினியைப் போல நடிக்கிற எமுலேட்டர் என்ற நிரலில் போட்டுப் பார்த்தேன். படம் அச்சு அசல் அதேதான். ஆனால் லேப்டாப் விசைப்பலகையில் இரண்டு ஆண்கள் தோளோடு தோள் உட்கார முடியாது. பிபிசி மைக்ரோ 40 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். அந்த அகலம் வேண்டும் என்றால் அந்த இயந்திரமே வேண்டும்.

இயந்திரத்தைக் கண்டுபிடித்தது அவன்தான். இப்போதும் திருச்சியில்தான் இருக்கிறான். பழைய இரும்புக் கடையில் வேறு எதற்கோ போனவன் போன் செய்தான். “மாப்ள, சிவப்பு ஃபங்ஷன் கீ வச்சது ஒண்ணு கெடக்குடா. மேல பாதி மண்ணு. எடுக்கவா?” கடைக்காரர் டைப்ரைட்டர் என்று நினைத்து வைத்திருந்தாராம். பேசி 3,500 ரூபாய்க்கு முடித்தான். நான் போய் எடுத்து, ராக்போர்ட் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டே சென்னை வந்தேன்.

மேல் மூடியை நான்கு திருகுகள் பிடித்திருக்கும், பின்னால் இரண்டு, அடியில் இரண்டு. என்னுடையதில் மூன்றுதான் இருந்தன. திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது குளவிக்கூடு. பின்பக்கம் வீடியோ சாக்கெட்டை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவுக்கு மண்கூடு கட்டி வைத்திருந்தது. ஈரம் பட்டால் மண் கரைந்து சாக்கெட்டுக்குள் போய்விடும் என்பதால் காய்ந்தபடியே மூங்கில் குச்சியால் உதிர்த்தேன். பிறகு பெயின்ட் பிரஷ், அப்புறம்தான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அரை லிட்டர் 350 ரூபாய். போர்டின் மூலையில் பச்சை பூத்த இடங்களைப் பழைய டூத் பிரஷில் தொட்டுத் தேய்த்தேன். இதற்கே இரண்டு நாள் ஆனது. எதையும் கழற்றுவதற்கு முன் போனில் 60 படம் எடுத்து வைத்தேன். பின்னால் நான்கு தடவை அதுதான் காப்பாற்றியது.

இனி முக்கியமான விஷயம். இந்த வயது பிபிசி மைக்ரோ கையில் கிடைத்தால், ஆசைக்குக்கூட நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள். பவர் சப்ளைக்குள், மெயின்ஸ் கம்பி வந்து சேரும் இடத்தில், தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி உறை போட்ட ஒரு கெபாசிட்டர் இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட், எக்ஸ்2 ரகம். பக்கத்தில் சின்னதாக 0.01 ஒன்று. உள்ளே இருப்பது காகிதம். நாற்பது வருடத்தில் உறை விண்டு, அந்த விரிசல் வழியாக ஈரம் போய்க் காகிதம் ஊறியிருக்கும். மின்சாரம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் புகை வந்துவிடும். என்னுடையதில் உறை முழுவதும் மெல்லிய விரிசல், காய்ந்த ஏரித் தரை மாதிரி.

புதுசை, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கினேன். கடைக்காரரிடம் பழசைக் காட்டியதும், “ஏசி லைனுக்குத்தானே சார்? 275 வோல்ட் போட்டது தரேன். டிசி கெபாசிட்டரை மட்டும் அங்க போட்றாதீங்க” என்றார். எக்ஸ்2 என்ற முத்திரை அதில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டும் சேர்த்து, உபரியோடு, 50 ரூபாய்கூட ஆகவில்லை.

பழசைக் கழற்றும் முன் பெரிய ஃபில்டர் கெபாசிட்டரில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த சப்ளையில் அங்கே 320 வோல்ட் வரை தங்கும். என் வழக்கம், 25 வாட் பல்பின் இரண்டு ஒயரையும் கெபாசிட்டரின் இரண்டு காலில் வைத்து, தங்கிய மின்சாரத்தை இறக்கிவிடுவது. மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கை வைத்தேன்.

இங்கே முதல் தப்பு. இரண்டை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிட்டேன். சப்ளையின் போர்டில் இன்னொரு சிறு எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், 220 மைக்ரோஃபாரட், 10 வோல்ட், பார்வைக்கு நன்றாகவே இருந்தது. உப்பவில்லை, கசியவில்லை. அதை விட்டுவிட்டேன்.

சோதனைக்கு சீரிஸ் பல்பு கட்டினேன். வீட்டு வயரிங் செய்கிறவர்களிடம் எல்லாம் இருக்கும் அதே ஏற்பாடுதான்: மெயின்ஸுக்கும் சப்ளைக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், பொருள் தப்பிக்கும். சப்ளையைச் சும்மா ஓடவிடக் கூடாது என்பதால் 5 வோல்ட் வெளிவாயில் 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினேன். ஓர் ஆம்பியர் சுமை. கணினியின் போர்டை இணைக்கவில்லை.

60 வாட் பல்பு. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. வெளிவாயில் எதுவும் இல்லை. பல்பு சிறியதாக இருப்பதால் சப்ளை தொடங்க முடியாமல் திணறுகிறது என்று நினைத்து 200 வாட் போட்டேன். அதே கதை. இரண்டு நாள் சாயங்காலம் முழுக்க டிரான்சிஸ்டர், டயோடு ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. மூன்றாம் நாள் அந்த 220ஐ ஒரு காலைத் தூக்கி கெபாசிட்டர் மீட்டரில் வைத்தால் 31 காட்டுகிறது. எட்டு ரூபாய் சாமான். மாற்றியதும் 200 வாட் பல்பு மங்கலாக ஒரு தடவை மின்னியது, 5 வோல்ட் வாயில் 5.02, மைனஸ் 5ல் மைனஸ் 4.9. சிமென்ட் ரெசிஸ்டர் தொட முடியாத சூடு. அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டேன், வோல்ட் இறங்கவில்லை.

அடுத்த தடவை மூன்றையும் ஒரே உட்காருதலில் மாற்றிவிடுவேன். பார்வையை நம்பி விட மாட்டேன்.

இப்போது போர்டு. சப்ளையிலிருந்து ஏழு ஒயர் வரும்: சிவப்பு மூன்று, கறுப்பு மூன்று, ஊதா ஒன்று. படத்தைப் பார்த்து இடம் மாறாமல் செருகினேன். பிபிசி மைக்ரோ நல்லபடியாக எழுந்தால் முதலில் தாழ்ந்த சுருதியில் ஒரு ‘பூ’, உடனே மேலே ஒரு ‘பீப்’. அந்த இரட்டை ஒலியைக் கேட்டவர்களுக்கு மறக்காது. சனிக்கிழமை மதியம் வரிசையாக எட்டு இயந்திரத்தை சார் போட்டுக்கொண்டே வருவார், எட்டு தடவை கேட்கும்.

எனக்கு ‘பூ’ மட்டும் வந்தது. நிற்கவே இல்லை. மின்சாரம் வந்ததும் ஒலிச் சிப் தானாகவே அந்த ஒலியை எழுப்பும். இயக்க நிரல் எழுந்துதான் அதை அடக்கி ‘பீப்’ அடிக்க வேண்டும். ‘பூ’ நிற்கவில்லை என்றால் நிரல் ஓடவே இல்லை என்று அர்த்தம். நான் உடனே ரேம், அதாவது நினைவகச் சிப், போய்விட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டாம் தப்பு, பெரிய தப்பு. 16 ரேம் சிப்புக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட்டு, 2,400 ரூபாய் கட்டி, ஆறு வாரம் காத்திருந்தேன். அந்த ஆறு வாரமும் இயந்திரம் மேசையில் துணி போர்த்திக் கிடந்தது.

சிப்புகள் வந்து சேர்ந்த அன்று, பழைய ரேமைக் கழற்றும் முன் பக்கத்தில் இருக்கிற மற்ற சாக்கெட் சிப்புகளை ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. இயக்க நிரல் இருக்கும் ரோம் சிப், போர்டில் ஐசி 51 என்று குறித்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் ‘கறுக்’ என்று ஒரு சத்தம், அரை மில்லிமீட்டர் இறங்கியது. சுவிட்சைப் போட்டேன்.

பூ. பீப்.

வெடுக்கென்று எழுந்துவிட்டேன். வருடக்கணக்கில் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, சிப் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அவ்வளவுதான் நோய். ரேம் சிப் 16ம் இன்னும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன.

திரையில் “பிபிசி கம்ப்யூட்டர் 32கே” என்று வந்தது. ஆனால் அதன் கீழே வர வேண்டிய “பேசிக்” என்ற வரி வரவில்லை. “லாங்வேஜ்?” என்று கேள்வி. பேசிக் என்ற நிரல் மொழி இருக்கும் ரோம் கணினிக்குத் தெரியவில்லை. அது ஐசி 52. சரி, இதையும் அழுத்தினேன். மாற்றமில்லை. கழற்றிப் பார்த்தால்தான் ஆகும்.

கழற்றியது சின்ன ஸ்க்ரூடிரைவரால். ஒரு பக்கம் மட்டும் நெம்பிவிட்டேன். 28 காலில் 27 வெளியே வந்தது. ஒன்று, கறுத்து அரித்திருந்தது, சாக்கெட்டுக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது.

இந்த ஒடிந்த காலைச் சரி செய்ததுதான் இந்த நான்கு மாதத்தில் நான் செய்த வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாக்கெட்டில் நின்ற துண்டை ஊசி முனை இடுக்கியால் எடுத்தேன். சிப்பின் மற்ற 27 கால்களையும் மை அழிக்கிற ரப்பரால், கீழிருந்து மேலாக இல்லாமல் மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கறுப்பு போய் வெள்ளி தெரிந்தது. ஒடிந்த இடத்தில் உடம்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் தோள் மட்டும் மிச்சம். அதை பிளேடு முனையால் பளபளக்கும் வரை சுரண்டினேன். பிறகு வட்டத் துளை சாக்கெட் ஒன்றை எடுத்து, அதில் சிப்பைச் செருகினேன். ஒடிந்த காலுக்கான துளை காலியாக இருக்குமே, அதில் ரெசிஸ்டரிலிருந்து வெட்டிய கம்பித் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினேன். அதன் தலை சிப்பின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் ஒரு சொட்டு. சால்டரிங் அயர்ன் 320 டிகிரி, மெல்லிய முனை. ஈயத்தை முனையில் எடுத்துக்கொண்டு இரண்டு எண்ணுவதற்குள் தொட்டு எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் சூடு உள்ளே போய்விடும். முதல் தடவை ஒட்டவில்லை. இரண்டாம் தடவை ஈயம் தோளுக்கும் கம்பிக்கும் நடுவில் ஓடி உட்கார்ந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பக்கத்துக் காலைத் தொடவில்லை. இப்போது சிப்பும் வட்ட சாக்கெட்டும் ஒரே பொருள். அதை அப்படியே போர்டு சாக்கெட்டில் அழுத்தினேன். சாக்கெட் விலை 45 ரூபாய், பயந்து இரண்டு வாங்கியிருந்தேன்.

“பேசிக்” என்ற வரி வந்தது. அதன் கீழே ஒரு அம்புக்குறி, காத்துக்கொண்டு.

சிப் கழற்றுகிற இடுக்கி மலிவாகவே கிடைக்கிறது. அது இல்லாமல் இனி எந்த சிப்பையும் தொடப் போவதில்லை. இல்லாத பட்சத்தில் இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு நகக்கண் அளவு மட்டும் நெம்ப வேண்டும்.

திரைக்கு 800 ரூபாய்க்கு 14 அங்குலப் பழைய டிவி ஒன்று வாங்கியிருந்தேன். கணினியின் பின்னால் இருக்கும் வீடியோ சாக்கெட்டிலிருந்து டிவியின் மஞ்சள் சாக்கெட்டுக்கு 40 ரூபாய் அடாப்டர் ஒன்று போதும். ஆனால் அந்த வாயில் கறுப்பு வெள்ளைதான் வரும். போர்டில் எஸ்39 என்று குறித்த இரண்டு புள்ளிகளை இணைத்தால் நிறம் வரும். ஒரு சொட்டு ஈயம். பள்ளியில் எங்களுக்கு இருந்தது பச்சைத் திரை. அதனால் எலீட் திரையின் கீழ்ப்பகுதி, வேகமும் உயரமும் காட்டுகிற பலகை, சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. 52 வயதில்தான் பார்த்தேன்.

அந்தப் பலகையை அவர்கள் செய்த விதம் அழகு. மேல் பகுதியில் கோடுகள் கூர்மையாக வேண்டும், நிறம் தேவையில்லை. கீழே நிறம் வேண்டும், கூர்மை தேவையில்லை. ஒரே திரையில் இரண்டையும் காட்ட இந்தக் கணினிக்கு வழி கிடையாது. அதனால் ஒவ்வொரு தடவை திரை வரையப்படும்போதும், பாதி வழியில், 6522 சிப்பின் டைமரை வைத்து நேரம் பார்த்துத் திரை முறையை மாற்றிவிடுகிறார்கள். நொடிக்கு ஐம்பது தடவை.

கேமை ஏற்றுவது அடுத்த கட்டம். எங்கள் சாரின் கேசட் எங்கே போனதோ. இயான் பெல் தன் இணையப் பக்கத்திலேயே கேமைக் கொடுத்து வைத்திருக்கிறார். கேசட் ஒலியாக மாற்றி போனில் ஏற்றினேன். கணினியில் கேசட் சாக்கெட் ஏழு பின் வட்ட வகை. ஏழு பின் பிளக் கிடைக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிறவர்கள் பயன்படுத்தும் மிடி கேபிளின் ஐந்து பின் பிளக் அதில் உட்காருகிறது. விடுபடும் இரண்டு பின்னும் டேப் ரெக்கார்டர் மோட்டாரை நிறுத்தவும் ஓட்டவும்தான், போனுக்குத் தேவையில்லை. மிடி கேபிள் 220 ரூபாய். ஒரு முனையை வெட்டி ஹெட்போன் பிளக் சால்டர் செய்தேன்.

“சர்ச்சிங்” என்று வந்தது, பிறகு “லோடிங்”, கேமின் பெயர், பக்கத்தில் கட்ட எண் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் கட்டத்தில் “டேட்டா?” என்று நின்றது. ஒலி அளவை 60, 70, 90 என்று மாற்றிப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் எங்காவது ஒரு கட்டத்தில் “டேட்டா?”. ஒரு ராத்திரி போனது. காரணம் போனில் இருந்தது. பாட்டு இனிமையாகக் கேட்பதற்காக அதில் ஈக்வலைசர், ஒலி மேம்பாடு என்று என்னவோ தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. கணினிக்கு இனிமை தேவையில்லை, இரண்டு சுருதி சுத்தமாக வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, 80ல் வைத்ததும் சரசரவென்று ஏறியது. கடைசிக் கட்டத்துக்கு முன்னால் வாட்ஸாப் செய்தி ஒன்று வந்து ‘டிங்’ என்றது, மறுபடி “டேட்டா?”. விமான முறையில் போட்டு மறுபடி முதலிலிருந்து.

சில நிமிடங்களில் எலீட் வந்து நின்றது. கோப்ரா கப்பல் திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. லேவ் கிரகம், நூறு கிரெடிட், மூன்று ஏவுகணை, ஏழு ஒளியாண்டுக்கு எரிபொருள். ஜேம்சன் என்ற பெயர். எல்லாம் அப்படியே.

தனியாகக் கிளம்பிப் பார்த்தேன். கப்பல் வலது பக்கம் உருண்டது. இடது பக்கம் உருளவில்லை. நண்பனின் விசை செத்திருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து நூறு தடவை அழுத்தினேன், பத்துக்கு ஒரு தடவைதான் பிடித்தது. இந்த விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், இரண்டு கால் சால்டர். அதனால் மாற்றுவது சுலபம். கேமில் தேவைப்படாத அடிக்கோடு விசையின் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தேன், பழுதானதை அடிக்கோட்டுக்குப் போட்டேன். பழைய ஈயம் பம்பில் உறிஞ்ச வரவில்லை. புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கிய பிறகுதான் வந்தது. கேம் ஏற்றுவதற்கு முன்பே பேசிக்கில் இரண்டு வரி நிரல் எழுதி, அழுத்துகிற விசையின் எண்ணைக் காட்டச் சொல்லி, எல்லா விசையையும் ஒரு சுற்றுப் பார்த்திருக்க வேண்டும். இப்போது அந்த நிரலை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தனியாக நான் நிலையத்தில் இறங்க முயலவில்லை. அவனுக்காக வைத்திருந்தேன். ஞாயிறு காலை ரயிலில் வந்தான். சாப்பிட்டுவிட்டு, டிவி முன்னால் இரண்டு நாற்காலி போட்டோம். சொல்லாமலேயே அவன் வலது பக்கம் உட்கார்ந்தான்.

லேவ் விவசாயக் கிரகம், உணவு மலிவு. லீஸ்டி தொழில் கிரகம், கார்ப்பரேட் ஆட்சி, வழியில் கொள்ளைக்காரர்கள் குறைவு. ரீட்குவாட் பக்கம் போனால் அராஜகம், முதல் பயணத்திலேயே முடிந்துவிடும். இதெல்லாம் சோழர் தலைநகரம் மாதிரி எங்களுக்கு மனப்பாடம். 20 டன் உணவை ஏற்றிக்கொண்டு லீஸ்டிக்குத் தாவினோம்.

இறங்குவது எப்படி என்று ஆடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நிலையம் மூலைகள் வெட்டிய ஒரு பெரிய கனசதுரம், தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு முகத்தில் மட்டும் நீள்சதுர வாசல். அந்த முகம் எப்போதும் கிரகத்தைப் பார்த்திருக்கும். அதனால் நிலையத்தைத் தாண்டிக் கிரகத்தின் பக்கம் கொஞ்ச தூரம் போய், திரும்பி, வாசலுக்கு நேரே வர வேண்டும். மூக்கை நடுவில் பிடித்து வைப்பது என் வேலை. வாசல் சுற்றுகிற வேகத்திலேயே கப்பலையும் உருட்டி, வாசல் கிடையாக நிற்கிற மாதிரி பிடிப்பது அவன் வேலை. ஒருவர் கை கொஞ்சம் பிசகினாலும் சுவரில் மோதி முடிந்துவிடும்.

முதல் தடவை மோதினோம். நான் எக்ஸை அதிகமாக அழுத்திவிட்டேன். இரண்டாம் தடவை அவன் எதிர்ப்பக்கம் உருட்டினான். மூன்றாம் தடவைக்கு முன் அவன் ஒன்று சொன்னான்: “டேய், நீ அப்ப ‘ம்’ சொல்லுவ. நடுவுல வந்ததும் ‘ம்’ம்ப. அப்பதான் நான் உருட்ட ஆரம்பிப்பேன்.” எனக்கு அது நினைவே இல்லை. 38 வருடமாக அவன் நினைவில் இருந்திருக்கிறது.

மூன்றாம் தடவை வாசல் நடுவில் வந்ததும் “ம்” என்றேன். அவன் விரல் இடது விசையை விட்டு விட்டுத் தட்டியது, புது சுவிட்ச் ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் சொன்னது. வாசல் சுற்றுவது மெல்ல மெல்லக் குறைந்து, திரையில் அப்படியே அசையாமல் நின்றது. பின்னால் நட்சத்திரங்கள் மட்டும் சுற்றின. கேள்விக்குறியை ஒரு தடவை தட்டி வேகத்தைக் குறைத்தான். வாசல் பெரிதாகி, திரையை விட்டு வெளியே போனது.

உணவை விற்றதில் கொஞ்சம் லாபம். கேமில் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்து, காசு போதாமல் நின்றது. ஆட்டத்தைச் சேமிக்கும்போது பெயர் கேட்டது. அவன் எட்டி, பள்ளியில் போட்ட அதே ஆறு ஆங்கில எழுத்தில் திருச்சி என்று தட்டினான். சேமிக்கிற ஒலியை லேப்டாப்பில் பதிவு செய்து, ஒரு தடவை திரும்ப ஏற்றியும் பார்த்துவிட்டோம், ஏறுகிறது.

அடுத்து அசல் கேசட் டெக். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதன் பெல்ட் தார் மாதிரி உருகி புல்லியில் ஒட்டியிருக்கிறது. துடைத்துவிட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர் சதுர பெல்ட், பொருத்தமான விட்டத்தில், ரிச்சி தெருவில் மூன்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.